பிறவிக் கண்புரை: மரபணுவும் ஒரு காரணம்

கண்புரை முதியவர்களுக்கு மட்டும் வருவதன்று. சில குழந்தைகள் புரையுடனேயே பிறக்கின்றன. கர்ப்பத்தில் தாயைத் தாக்கும் ருபெல்லா போன்ற கிருமிகளுடன் மரபணுக் கோளாறும் இதற்கு முக்கியக் காரணம்.

கண்ணின் வில்லையைத் தெளிவாக வைத்திருப்பவை கிறிஸ்டலின் எனும் புரதங்கள். குழந்தை கருவில் வளரும்போதே, உரிய நேரத்தில், உரிய அளவில் அவை உருவாக வேண்டும். மரபணுவின் குறிப்பு இப்படிப் புரதமாக மாறுவதே ‘மரபணு வெளிப்பாடு’. எச்.எஸ்.எப்.4 போன்ற மரபணுக்கள் இதற்குச் சுவிட்சுகள். சுவிட்ச் பழுதானாலும், கிறிஸ்டலின் மரபணுவே பிழையானாலும் வில்லை மங்கிவிடும்.

பெரும்பாலான குடும்பங்களில் பெற்றோரில் ஒருவரிடம் கோளாறு இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்புண்டு. இன்னொரு வகையில் பெற்றோர் இருவரும் கோளாற்றைச் சுமந்தாலும் அவர்களின் பார்வை நன்றாகவே இருக்கும். பிள்ளைக்கு வாய்ப்பு 25 விழுக்காடு. அக்காள் மகள், மாமன் மகள் எனச் சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இவ்வகை கூடுதல். தாய் கிரகணம் பார்த்தது காரணமன்று. அவர்மீது பழி போடுவது தவறு.

கருவிழியின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தாலோ, இரண்டு மாதமாகியும் குழந்தை முகம் பார்க்காவிட்டாலோ, உடனே கிளினிக்கில் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதில் புரை இருந்திருந்தால், பிறந்தவுடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். தெளிவான காட்சி கிடைக்காத மூளை பார்க்கக் கற்பதில்லை. அடர்ந்த புரையை முதல் இரண்டு மாதங்களுக்குள் அகற்றினால் நல்ல பார்வைக்கு வாய்ப்பு அதிகம்; தாமதித்தால் அறுவை சிகிச்சை செய்தும் முழுப் பார்வை கிடைக்காமல் போகலாம்.