கரிசல் தரையும் எண்பது தடைகளும்

கோவில்பட்டியில் விளையாட்டு என்றால் ஹாக்கிதான். 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். அதே அணியில் ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர் மாவட்டத்துப் பையன். ஆட்டம் தேறியது கோவில்பட்டி விளையாட்டு விடுதியில். தடை தாண்டி ஓடிப் பெயர் வாங்கிய கரிசல்காட்டுப் பிள்ளை யார் என்று கேட்டால் மட்டும், ஊரில் பதில் சட்டென்று வராது.

இதற்குப் பாதிக் காரணம் மண்ணே என்று சொல்லலாம். சித்திரை வெயிலில் கரிசல் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் களியாகிக் காலைக் கவ்வும். பருத்திக்கு ஏற்ற மண். மானாவாரி வெள்ளாமைக்காக ஆங்கிலேய அரசு 1901-லேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஓடுகிற காலுக்கு இந்த மண் எதிரி. நூறு மீட்டர் ஓட்டத்துக்காவது சரளை கொட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுச் சமாளித்துவிடலாம். தடை ஓட்டத்துக்கு அப்படிச் சமாளிக்க முடியாது.

400 மீட்டர் தடை ஓட்டத்தில் முதல் தடை 45 மீட்டரில் நிற்கும். பிறகு 35 மீட்டருக்கு ஒன்றாக மொத்தம் பத்து. கடைசித் தடையிலிருந்து முடிவுக்கோடு 40 மீட்டர். ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர், பெண்களுக்கு 76.2. இரண்டு தடைகளுக்கு நடுவில் எத்தனை எட்டு என்பதை உடம்பு மனப்பாடம் செய்திருக்க வேண்டும். தேர்ந்த ஆண்கள் 13, பெண்கள் 15 முதல் 17 வைப்பார்கள். வெடிப்பில் ஒரு கால் பிசகினால் அடுத்த தடைக்கு எட்டு தப்பும், அத்தோடு பந்தயமும் போகும். எட்டுத் தடத்துக்கும் தடை வைக்க வேண்டுமானால் எண்பது தடைகள் வேண்டும். பள்ளிக்கூட டிரில் வாத்தியார் எங்கே போவார்?

வேகத்துக்குக் கரிசலில் பஞ்சம் இருந்ததில்லை. தூத்துக்குடி மாவட்டத்துக் கோயில் கொடைகளில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து ஓடும் வண்டிப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மனிதக் கால்களை முறையாகப் பழக்கும் கல்வி, 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியோடு வேர்விட்டது. தெற்கே ஓட்டக்காரர்கள் உருவான கதை பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர்களின் கதை. அவர்களில் மிகப் பலருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பது வருத்தம்தான்.

இந்த வறண்ட நிலத்துப் பிள்ளைக்குக் கல்லூரி ஓட்டம் மேலே ஏறக் கிடைத்த படி. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், விடுதிச் சோறு, பிறகு காவல்துறையிலோ ரயில்வேயிலோ ஒரு வேலை. கமுதி அருகே சிங்கப்புலியாபட்டியில் கூலிக் குடும்பத்தில் பிறந்த நாகநாதன் பாண்டி கமுதியிலேயே கல்லூரியில் வரலாறு படித்தார், சென்னையில் காவலரானார், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 தொடர் ஓட்ட அணியில் இடம்பெற்றார்.

அதே ஒலிம்பிக்குக்கு மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியும் போனார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி. பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் விடாமல் பேசி, மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விளையாட்டு விடுதியில் தங்கலும் வாங்கிக் கொடுத்தார். கல்லூரிப் போட்டிகளிலும் ரேவதி வெறுங்காலோடுதான் ஓடினார். காலணி வந்தது பிறகு. 2016-இல் கோவையில் நடந்த தேசிய இளையோர் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம். பாட்டியாலா முகாமில் பயிற்சியாளர் கலீனா புகாரினா அவரை 400 மீட்டருக்கு மாற்றினார். ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்தில் 53.55 விநாடி. 2021 ஜூலை 30 அன்று டோக்கியோவில் கலப்புத் தொடர் ஓட்டம் ஓடிய நால்வரில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள். 3 நிமிடம் 19.93 விநாடி, இறுதிச் சுற்று கிட்டவில்லை. ஆனாலும் தென்மாவட்டத்துப் பெண்ணொருத்தி கல்லூரி மைதானத்திலிருந்து அந்தத் தடம் வரை போனது பெரிய காரியம்.

தடை ஓட்டத்தில் தமிழ்நாட்டுக்குப் பெயர் வந்தது கொங்கு மண்ணிலிருந்து. திருப்பூர்க்காரர் தருண் அய்யாசாமி. தந்தையை இழந்த அவரை வளர்த்தவர் ஆசிரியையான தாய். 2018 ஆகஸ்ட் 27 அன்று ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 48.96 விநாடியில் தருண் வெள்ளி வென்றார். அதற்கு முன் 49 விநாடிக்குக் கீழே எந்த இந்தியரும் இந்த ஓட்டத்தை முடித்ததில்லை.

ஐந்து வருஷம் கழித்து கோவை வித்யா ராம்ராஜ். இரட்டைச் சகோதரி நித்யாவோடு விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடி, நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தை இழந்தார். பெண்களுக்கு இந்த ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த ஆண்டில்தான். 39 ஆண்டுகள் அசையாமல் நின்ற அந்தத் தேசியச் சாதனையை, 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் வித்யா அதே 55.42-இல் தொட்டார். மறுநாள் இறுதியில் 55.68; வெண்கலம். நித்யாவும் அதே போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓடினார்.

வித்யாவுக்கும் ரேவதிக்கும் வேலை கொடுத்தது ரயில்வே. நாகநாதனும் இவர்களும் ஏறி வந்த படி ஏறக்குறைய ஒன்றே: விளையாட்டு வழியே ஓர் அரசு வேலை. வித்யாவின் ஓட்டத்துக்குக் கூடுதலாக வேண்டியிருந்தது, பயிற்சிக்கு நிற்கும் தடைகள். கோவில்பட்டியில் செயற்கைப் புல் விரித்த பிறகு ஹாக்கியில் இந்திய அணி வரை பிள்ளைகள் போயிருக்கிறார்கள். பத்துத் தடைகளும் ஒரு சமதளத் தடமும் கரிசல்காட்டுப் பள்ளிகளுக்கு எட்டும் தூரத்தில் கிடைத்தால், கமுதியிலோ விளாத்திகுளத்திலோ பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி எட்டு எண்ணத் தொடங்குவாள்.