சளி, ஒவ்வாமைக் கூட்டு மருந்துகள்

மூக்கொழுகல், தும்மல், மூக்கடைப்பு, காய்ச்சல், உடல்வலி ஆகியவற்றைத் தணிக்கும் மருந்துகளில் இரண்டோ அதற்கு மேலோ ஒரே மாத்திரையில் அல்லது சிரப்பில் சேர்ந்திருப்பவை கூட்டு மருந்துகள். சளியை உண்டாக்கும் வைரஸை இவை தொடுவதில்லை. தானே ஆறும்வரை தொல்லையைக் குறைக்கின்றன. இந்தியக் கடைகளில் மிகுதியாக விற்பது பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைலெப்ரின் மூன்றும் சேர்ந்த மாத்திரை. சிலவற்றில் காஃபீனும் உண்டு.

வரலாறு

மூன்று கூறுகளும் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்தவை. மூக்கடைப்பு நீக்கிகளின் மூலம் சீன மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிய மா ஹுவாங் என்னும் எபெட்ரா செடி. 1885இல் ஜப்பானிய வேதியியலர் நாகாய் நாகயோஷி அதிலிருந்து எபெட்ரினைப் பிரித்தெடுத்தார். அது அட்ரினலினைப் போலச் செயல்படுவதை 1924இல் பீக்கிங்கில் கே. கே. சென்னும் கார்ல் ஷ்மிட்டும் காட்டினர். மூக்கின் உட்சவ்வில் வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதே பினைலெப்ரின் உள்ளிட்ட இவ்வகை மருந்துகளின் வேலை. அந்தச் சுருக்கம் மூக்கோடு நிற்பதில்லை. இரத்த அழுத்தம் ஏறுவதும் அதனால்தான். இக்குடும்பத்தைச் சேர்ந்த பினைல்புரோபனோலமின் மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்று கண்டு, அமெரிக்கா 2000இல் அதைச் சந்தையிலிருந்து விலக்கச் செய்தது. இந்தியா தடை விதித்தது 2011இல். இந்தத் தாமதத்தை நியாயப்படுத்த முடியாது.

தும்மலையும் மூக்கொழுகலையும் தணிக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பிகள் பாரிஸில் பிறந்தவை. பாஸ்டர் நிறுவனத்தில் டானியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாபும் 1937இல் கண்ட முதற்சேர்மம் மனிதருக்குத் தர முடியாத அளவு நச்சுத்தன்மை கொண்டிருந்தது. அதன் வழியில் 1940களில் பயன்படத்தக்க மருந்துகள் வந்தன. போவேக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. அரசு மருத்துவமனைகளில் சி.பி.எம். எனப்படும் குளோர்பெனிரமின் அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தது. மூளைக்குள் எளிதில் நுழைவதால் தூக்கம் தருகிறது.

1878இல் ஹார்மன் மோர்ஸ் தயாரித்த பாராசிட்டமால், 1950களில்தான் கடைக்கு வந்தது.

பாதுகாப்பான பயன்பாடு

பெரும்பாலான கேடு ஒரே மருந்தை இரு பெயர்களில் உட்கொள்வதால் வருகிறது. ஒரு சளி மாத்திரையில் 500 மி.கி. பாராசிட்டமால் இருந்து, அதை நாளுக்கு நான்கு முறை போட்டுக்கொள்பவர், காய்ச்சலுக்கென்று 650 மி.கி. மாத்திரையையும் நான்கு முறை போட்டால் மொத்தம் 4,600 மி.கி. ஆகிறது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு உச்ச வரம்பு 4,000 மி.கி.; குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் அதைவிடக் குறைவு. மிகை அளவு ஈரலை அழிக்கும். முதல் நாளில் அறிகுறி ஏதும் தெரியாமலே போகலாம். ஆகவே மிகையாக உட்கொண்டது தெரிந்த உடனேயே, உடம்பு நன்றாக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அரிப்புக்கு வாங்கும் அவில் மாத்திரையும் குளோர்பெனிரமினின் குடும்பமே. இரண்டும் சேர்ந்தால் தூக்கமும் தடுமாற்றமும் கூடும். இவற்றைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதும் மது அருந்துவதும் கூடாது. கண் நீரழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ள முதியவர்களுக்குக் குளோர்பெனிரமின் சிறுநீரை அடைத்துவிடலாம், கண்ணழுத்தத்தை ஏற்றிவிடலாம். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் பினைலெப்ரின் சேர்ந்ததைத் தவிர்ப்பதே நல்லது. இழப்பும் இல்லை: விழுங்கும் பினைலெப்ரினின் பெரும்பகுதி குடல் சுவரிலேயே சிதைந்துவிடுவதால் மூக்கடைப்பு திறப்பதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 நவம்பரில் அதை விலக்க முன்மொழிந்தது. கடையில் கேட்கும்போது பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள கூறுகளைப் படித்து, தேவையான ஒன்றை மட்டும் வாங்குவது மேல். மூக்கொழுகலுக்கு மட்டும் மாத்திரை தேடுபவருக்குப் பாராசிட்டமால் எதற்கு?

இந்தியாவில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குளோர்பெனிரமின்–பினைலெப்ரின் சேர்க்கையைத் தரக்கூடாது என அட்டையில் அச்சிடுமாறு 2023 டிசம்பரில் உத்தரவிடப்பட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த சளி சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் நஞ்சாக இருந்தது டைஎதிலீன் கிளைக்கால் கலப்பு. தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது.