பருத்தி வயலும் ஆகாய மார்க்கமும்

1892-ம் வருஷத்தையொட்டி மெக்ஸிகோ தேசத்திலிருந்து டெக்ஸாஸ் மாகாணத்துக்குள் புகுந்த ஒரு கூன்வண்டு, கால் அங்குல நீளமே உள்ளதாயினும், முப்பது வருஷ காலத்துக்குள் அமெரிக்காவின் தென்பகுதிப் பருத்தி நிலம் முழுவதையும் கலங்க அடித்துவிட்டது. பெண் வண்டு பருத்திச் சப்பையையும் பிஞ்சுக் காயையும் தன் நீண்ட மூக்கினால் துளைத்து உள்ளே முட்டையிடும். அதிலிருந்து பிறக்கும் புழு, நாளைக்குப் பஞ்சாக வேண்டியதையெல்லாம் உள்ளிருந்தபடியே தின்று தீர்க்கும். பருத்தியைத் தவிர வேறு வெள்ளாமை அறியாத குடியானவர்கள் கடன்பட்டு நிலத்தை இழந்த துக்க சரித்திரம் அந்த வண்டு சென்ற வழியெங்கும் எழுதப்பட்டிருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய ஆகாய விமானக் கம்பெனிகளுள் ஒன்றான டெல்டாவின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனால், கடைசியில் நாம் வந்து நிற்கும் இடம் அந்தப் பருத்திக் காடுதான்.

லூயிஸியானா மாகாணத்து டல்லூலா என்னும் சிற்றூரில் அரசாங்கத்தார் ஓர் ஆராய்ச்சிச்சாலை அமைத்திருந்தார்கள். அங்கே கோட் என்ற பூச்சியியல் நிபுணர், கால்ஷியம் ஆர்ஸினேட் என்னும் பாஷாணப் பொடியைத் தூவினால் வண்டு மடிகிறது என்று கண்டறிந்தார். ஆனால் கோவேறு கழுதை இழுக்கும் யந்திரத்தைக் கொண்டு, இலையில் பனி படிந்திருக்கும் இராக் காலத்தில், வரிசை வரிசையாக நடந்து ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பொடி தூவி முடிப்பதென்பது ஆகிற காரியமா? 1921-ல் ஒஹாயோ மாகாணத்து டிராய் நகருக்கருகே, மக்ரெடி என்ற ராணுவ விமானி, புழு அரித்துக்கொண்டிருந்த ஒரு தோப்பின்மேல் பறந்து மருந்துப் பொடியைத் தூவிக் காட்டினார். மறு வருஷமே டல்லூலாவின் பருத்தி வயல்களில் அந்தப் பரீட்சை தொடர்ந்தது.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் காலெட் வுல்மன் என்பவர் நம் கதைக்குள் வருகிறார். 1889-ல் இந்தியானா மாகாணத்தில் பிறந்து, இல்லினாய் சர்வகலாசாலையில் விவசாய சாஸ்திரம் பயின்று, லூயிஸியானாவில் பண்ணையொன்றை நிர்வகித்து, பிறகு ஊர் ஊராகச் சென்று குடியானவர்களுக்கு யோசனை சொல்லும் விவசாய அதிகாரியாக உழைத்தவர் அவர். பத்தொன்பது வயதில் பிரான்ஸ் தேசத்து ரைம்ஸ் நகருக்குப் போய் 1909-ம் வருஷத்து விமானக் காட்சியைக் கண்ணாரக் கண்டு வந்தவர். ஆகாயத்தின்மேல் கொண்ட அந்த ஆசை, சேற்றிலும் புழுதியிலும் கழிந்த வருஷங்களில் அவரை விட்டு நீங்கவில்லை. ஹஃப் டாலண்ட் என்ற விமானக் கம்பெனியார் மருந்து தூவுவதற்கென்றே 1924-ல் ஜார்ஜியாவில் ஒரு ஸ்தாபனம் தொடங்கி, அடுத்த வருஷம் அதை லூயிஸியானாவின் மன்ரோ நகருக்கு மாற்றியபோது, அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு வுல்மன் அதில் சேர்ந்தார்.

அந்தத் தொழிலின் நுட்பத்தைச் சற்று விவரமாகவே சொல்ல வேண்டும். பொடி இலையில் ஒட்டுவதற்குப் பனி ஈரம் வேண்டும். பக்கத்து நிலத்துக்குப் பறந்துவிடாமல் இருப்பதற்குக் காற்று அடங்கியிருக்க வேண்டும். இவ்விரண்டும் கூடிவரும் நேரம் விடியற்காலையே ஆதலால், கிழக்கு வெளுக்கும் முன்பே விமானி எழுந்து, திறந்த ஆசனத்தில் அமர்ந்து, செடியின் தலைக்குமேல் சில அடி உயரத்தில் வயலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பறந்து, எதிரே நிற்கும் மரங்களும் தந்திக் கம்பிகளும் முகத்தில் மோதப்போகும் தறுவாயில் விமானத்தைச் செங்குத்தாக மேலே தூக்கி, திருப்பி, மீண்டும் அடுத்த வரிசையில் இறக்க வேண்டும். ஒரு காலைப் பொழுதுக்குள் இதைப் பலமுறை செய்தாக வேண்டும். 1927-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியே கடந்த லிண்ட்பர்கை உலகமே கொண்டாடியது; கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதே காலத்தில் பருத்தி வயலின்மேல் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்த இந்த மனிதர்களின் பெயரை அவர்கள் தூவிய பொடி போலவே காற்று கொண்டுபோய்விட்டது. திறமையில் இவர்கள் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வடக்கே குளிர்காலம் வந்தால் மருந்து தூவும் வேலை நின்றுபோகும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவம் தலைகீழாயிருப்பதை உத்தேசித்து, அந்த மாதங்களில் விமானங்கள் பெரு தேசத்துப் பருத்தி வயல்களுக்குக் கப்பலேறின. அங்கே தபால் கொண்டுபோகும் உரிமையும் வுல்மனுக்குக் கைகூடியது. 1928-ல் மன்ரோ நகரத்து வியாபாரிகளின் உதவியோடு அவர் ஸ்தாபனத்தை விலைக்கு வாங்கினார். டெல்டா என்று அதற்குப் பெயர் சூட்டும் யோசனையைச் சொன்னவர், அங்கே வேலை பார்த்த காதரின் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பெண்மணி. மிஸிஸிப்பி நதி வண்டல் கொழிக்கும் பருத்திச் சீமையின் பெயர் அது. அதே சொல்லைக் காவிரிக் கரையில் நாமும் தினம் வழங்குகிறோம். 1929 ஜூன் 17-ந் தேதி ஐந்து பிரயாணிகள் அமரக்கூடிய சிறு விமானம் டல்லஸிலிருந்து ஜாக்ஸனுக்குக் கிளம்பியது.

பிரயாணிச் சேவை ஒரு வருஷத்துக்குமேல் சிறிதே தாக்குப்பிடித்தது. அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தம் வேறொரு கம்பெனிக்குப் போய்விடவே, அந்த வருமானமின்றிப் பிரயாணிகளை ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாமல், 1930-ல் அது நின்றது. 1934-ல் தபால் ஒப்பந்தம் கிடைத்து மீண்டும் பிரயாணிகள் ஏறும்வரை ஸ்தாபனத்தைச் சோறு போட்டுக் காப்பாற்றியது பழைய பருத்தி வேலைதான். வயலை விட்டு மேலே போனவன், வானம் கைவிட்டபோது வயலுக்கே திரும்பி வந்து பிழைத்தான்.

வயலில் தூவிய அந்தப் பொடி கடும் விஷம் என்பதையும், அது வண்டோடு தேனீக்களையும் கொன்றது என்பதையும், ஆர்ஸெனிக் மண்ணில் தங்கிவிடும் வஸ்து என்பதையும் மறைப்பது நியாயமாகாது. குடியானவனைக் காப்பதாக நினைத்துச் செய்த உபகாரத்தில் அவன் மண்ணுக்கே அபகாரமும் கலந்திருந்தது.

1941-ல் டெல்டாவின் தலைமை நிலையம் அட்லாண்டாவுக்கு மாறியது. பின்னர் ஜெட் விமானங்கள் வந்தன. கம்பெனி பன்மடங்கு பெருகியது. வுல்மன் ஆர்க்கிட் செடிகளை வளர்த்துக்கொண்டு, பிரயாணி விமானங்களோடு கூடவே மருந்து தூவும் பிரிவையும் கைவிடாமல் நடத்திவந்தார். 1966 செப்டம்பரில் அவர் காலமானார். அந்தப் பிரிவு மூடப்பட்டதும் அதே வருஷத்தில்தான்.