காசில்லா நோயாளியும் கதவடைத்த வைத்தியரும்

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், பால்மரம் சீவும் தோழர் ஒருவர் ஆபீசுக்கு வந்து, "கிராணி ஐயா, கோர்ட்டுக்கு ஒரு பிராது எழுதித் தரவேண்டும்" என்று கேட்டார். அவருடைய பெண் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் கண்டபோது, பட்டணத்து டாக்டர் ஒருவர், முன்பணமோ இன்ஷூரன்ஸ் கார்டோ இல்லாமல் பார்க்க முடியாதென்று திருப்பியனுப்பி விட்டாராம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் குழந்தை பிழைத்துக்கொண்டது; தகப்பனாரின் மனந்தான் ஆறவில்லை. வைத்தியம் புண்ணியத் தொழிலாயிற்றே, மறுக்க டாக்டருக்கு உரிமை ஏது, அவரைக் கோர்ட்டில் நிறுத்த முடியாதா என்பது அவர் கேள்வி.

கேள்வி நியாயமானது. ஆனால் நியாயஸ்தலங்கள் இதற்கு என்ன விடை அளித்து வந்திருக்கின்றன என்பதை அறியாமல் பிராது எழுதுவது கண்ணை மூடிக்கொண்டு காட்டில் நடப்பதாகும். இவ்விஷயம் மிகுதியும் வழக்காடப்பட்ட தேசம் அமெரிக்கா. அங்கு வைத்தியச் செலவில் பெரும்பங்கு இன்ஷூரன்ஸ் மூலமாகவே நடப்பதால், அஃதில்லாத ஏழை ஆஸ்பத்திரி வாசலில் தடுக்கப்படுவது நெடுங்காலம் சாதாரண நிகழ்ச்சியாக இருந்தது. ஆதலின் அந்நாட்டுச் சரித்திரத்தையே நாம் முதலில் நோக்குவோம்.

1901ஆம் வருடத்தில் இண்டியானா ராஜ்யத்தின் உயர்ந்த நியாயஸ்தலம் 'ஹர்லி எதிர் எடிங்ஃபீல்டு' என்னும் வழக்கைத் தீர்த்தது. மேஸ் என்ற ஊரில் லைசென்ஸ் பெற்றுத் தொழில் நடத்திய வைத்தியர் ஒருவர் மீது 10,000 டாலர் நஷ்டஈடு கோரப்பட்டது. அவர் அந்நோயாளியின் குடும்ப வைத்தியர். நோய் முற்றியபோது ஆள் அனுப்பி அழைத்தார்கள். கூலியைக் கையில் கொடுக்க முன்வந்தார்கள். வேறு வைத்தியர் சமயத்துக்குக் கிடைக்கமாட்டார் என்றும் சொன்னார்கள். அவருக்கோ அப்பொழுது கவனிக்கவேண்டிய வேறு அவசர நோயாளி எவரும் இல்லை. எனினும் அவர் போகவில்லை, நோயாளி இறந்தார்.

நியாயஸ்தலம் சொன்னது யாது? வாதி கூறியவை முற்றிலும் உண்மையென்று வைத்துக்கொண்டாலும் வழக்குக்கு ஆதாரமில்லை என்றது. லைசென்ஸ் என்பது தொழில் செய்யலாம் என்னும் அனுமதியேயன்றி, அழைத்தவர்க்கெல்லாம் செய்தே தீரவேண்டும் என்னும் கட்டளையன்று. வழிப்போக்கர் விடுதிக்காரனுக்கும் வண்டிக் கம்பெனிக்கும் பொதுஜனங்கள்பால் உள்ள கடமை வைத்தியருக்கு இல்லை என்றது. வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காசு கொடுக்க வந்தவனுக்கே கதி இதுவானால், காசில்லாதவன் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

இக்கொள்கைக்கு ஒரு வரம்பு மாத்திரம் இருந்தது. வைத்தியர் ஒரு நோயாளியை ஏற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டால், வேறு வைத்தியரைத் தேடிக்கொள்ள அவகாசம் கொடாமல் நடுவே கைவிடக் கூடாது. கைவிட்டால் வழக்கு நிற்கும். அதாவது, கதவைத் திறந்தவர்க்குக் கடமை உண்டு, திறவாதவர்க்கு இல்லை. இரக்கமுள்ளவனைப் பிணைத்து, இரக்கமற்றவனை விடுவிக்கும் விந்தையான நீதி இது.

அறுபது வருடம் சென்றபின், 1961இல், டெலவேர் ராஜ்யத்தில் இச்சுவர் சிறிது விரிசல் கண்டது. நான்கு மாதக் குழந்தை ஒன்றைக் காய்ச்சலும் பேதியுமாகப் பெற்றோர் வில்மிங்டன் நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு எடுத்துச் சென்றனர். குழந்தை வேறு டாக்டரின் சிகிச்சையில் இருப்பதால் அவர் அனுமதியின்றித் தொட முடியாதென்று நர்ஸ் அனுப்பிவிட்டார். அன்றே குழந்தை மாண்டது. இங்கே தடை பணமன்று, ஆஸ்பத்திரியின் விதி. ஆயினும் தீர்ப்பு ஏழைக்கும் வழிகாட்டியது. அவசரப் பிரிவு என்று ஒன்றை நடத்தி, ஜனங்கள் அதை நம்பி ஓடிவரும் வழக்கத்தை உண்டாக்கிவிட்டு, ஐயத்துக்கிடமில்லாத ஆபத்தில் வந்தவரைத் திருப்பியனுப்பினால் ஆஸ்பத்திரி பொறுப்பாளியாகலாம் என்று நியாயஸ்தலம் கூறிற்று. வைத்தியரைப் பிணைக்காத சட்டம், ஆஸ்பத்திரியைப் பிணைக்கத் தொடங்கியது இவ்விதமே.

ஆனால் வழக்குகள் ஒன்றிரண்டு வென்றதால் வழக்கம் மாறிவிடவில்லை. இன்ஷூரன்ஸ் இல்லாத நோயாளிகளைத் தனியார் ஆஸ்பத்திரிகள் வண்டியிலேற்றிப் பொது ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கைகழுவி வந்தன. சிகாகோ நகரத்துக் குக் கவுண்டி ஆஸ்பத்திரிக்கு அவ்வாறு அனுப்பப்பட்ட 467 பேரைப் பற்றி வைத்தியர்கள் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 87 பேர் போதிய இன்ஷூரன்ஸ் இல்லாத காரணத்தால் அனுப்பப்பட்டவர்கள். நூற்றுக்கு 89 பேர் கறுப்பரும் ஸ்பானிய வம்சத்தாரும். நூற்றுக்கு 24 பேர் உடல்நிலை நிலைப்படாமலே வண்டியேற்றப்பட்டவர்கள். வறுமையும் நிறமும் சேர்ந்தே தள்ளப்பட்டன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அதே வருடம் ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸின் சட்டம் ஒன்று அமுலுக்குரியதாகக் கையெழுத்தாயிற்று. முதியோர்க்கு சர்க்கார் வைத்தியச் செலவு கொடுக்கும் மெடிகேர் ஏற்பாட்டில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு வைத்திருக்குமாயின், வந்தவர் எவராயினும் பரிசோதிக்க வேண்டும். ஆபத்து நிலை கண்டால் அதை நிலைப்படுத்த வேண்டும், அல்லது முறைப்படி வேறிடம் அனுப்ப வேண்டும். மீறினால் ஆஸ்பத்திரிக்கும் பொறுப்பான வைத்தியருக்கும் அபராதம். பாதிக்கப்பட்டவர் ஆஸ்பத்திரி மீது வழக்கும் தொடுக்கலாம்.

சட்டத்துக்குச் சோதனை விரைவிலே வந்தது. 1986 டிசம்பரில் டெக்ஸாஸ் ராஜ்யத்து விக்டோரியா நகர ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வேதனையோடு ஓர் ஏழைத் தாய் வந்தாள். அவளுக்கு வாடிக்கை வைத்தியருமில்லை, கொடுக்கப் பணமுமில்லை. இரத்த அழுத்தம் 210க்கு 130. முறைக்கிருந்த பர்டிட் என்னும் வைத்தியர், 170 மைலுக்கப்பால் உள்ள கால்வெஸ்டனுக்கு அனுப்பச் சொன்னார். சுமார் 40 மைல் கடந்ததும் வண்டியிலேயே குழந்தை பிறந்தது. நல்வினையாகக் குழந்தை நலமாகவே இருந்தது. வைத்தியருக்கு 20,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கூலியில்லாமல் தம் உழைப்பைச் சட்டம் பறிக்கிறதென்று அவர் அப்பீல் செய்தார். 1991இல் மேல்கோர்ட் அதை ஏற்கவில்லை. மெடிகேரில் சேரும்படி ஆஸ்பத்திரியை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் பணிபுரியும்படி வைத்தியரையும் எவரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது அதன் விடை. பொதுப்பணத்தின் பயனை ஏற்பவர் பொதுக்கடமையையும் ஏற்கவேண்டும் என்பதே இதன் சாரம் என்று நாம் கொள்கிறோம்.

எனினும் இச்சட்டத்தின் எல்லையையும் சொல்லாமல் விடலாகாது. இதன்கீழ் நோயாளி வழக்கிடக் கூடியது ஆஸ்பத்திரி மீதேயன்றி, தனி வைத்தியர் மீதன்று என்று கோர்ட்டுகள் தீர்த்திருக்கின்றன. சொந்தக் கிளினிக் வைத்திருக்கும் வைத்தியரை இது தொடுவதில்லை. ஆபத்து நீங்கியதும் சட்டத்தின் கடமை முடிகிறது. பில் மட்டும் பின்னாலேயே வீட்டுக்கு வருகிறது. மெல்லக் கொல்லும் நோய்க்கு மாதக்கணக்கில் மருந்து வேண்டியவனுக்கு இச்சட்டத்தில் இடமில்லை.

இச்சரித்திரத்தால் நாம் அறிவது யாது? 1901இல் தோற்றவர்களுக்கு நியாயம் இல்லாமலில்லை, சட்டம் இல்லை. பிறகு நிலைமையை மாற்றியது வைத்தியர்களின் மனமாற்றமுமன்று, நியாயாதிபதிகளின் இரக்கம் மட்டுமுமன்று. புள்ளி விவரம் சேர்த்தவர்களும், அதை வெளியிட்டவர்களும், சட்டம் இயற்றியவர்களுமே மாற்றினார்கள். வழக்கு வெற்றியே பெற்றாலும் பெரும்பாலும் கெடுதி நேர்ந்த பின்னரே வரும்; சட்டமோ கெடுதிக்கு முன்னே வாசலில் காவல் நிற்கும்.

மலேசியாவிலும் அத்தகைய காவல் ஒன்று உண்டென்பதை நம்மவரில் பலர் அறியார். 1998ஆம் வருடத்துத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம், உயிர்காக்கும் அவசரச் சிகிச்சையை எவருக்கும் அளிக்கும் வசதியைத் தனியார் வைத்திய நிலையங்கள் எப்பொழுதும் வைத்திருக்க வேண்டுமென விதிக்கிறது. சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதுமா? லயத்திலுள்ள தாய் தகப்பனுக்குத் தெரிந்தாலன்றி அது உயிர்பெறாது.

ஆகவே அத்தோழருக்கு நாம் பிராது எழுதிக் கொடுக்கவில்லை. குழந்தை பிழைத்திருக்க, நஷ்டத்தைக் காட்டி நஷ்டஈடு பெறுவது அரிது என்பதை எடுத்துச் சொன்னோம். அதற்குப் பதிலாக, நடந்த தேதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தை ஆகியவற்றை ஒரு தாளில் ஒழுங்காக எழுதி, சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு புகார் தயாரித்தோம். அவர் கையெழுத்திட்டார். "இதனால் என்ன ஆகும், ஐயா?" என்று கேட்டார். சிகாகோவிலும் ஒவ்வொரு நோயாளியின் விவரமும் இப்படி ஒரு தாளில்தான் முதலில் எழுதப்பட்டது என்று சொன்னோம்.