இன்ட்ரஸ்ட் என்ற சொல்

நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரையை இரண்டு பேர் ஒரே சொல்லைக் கொண்டு நிராகரித்தார்கள். ஒருவர், "உனக்கு இதில் இன்ட்ரஸ்டே இல்லை, கடனே என்று எழுதியிருக்கிறாய்" என்றார். இன்னொருவர் வயதில் மூத்தவர், குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு இதில் இன்ட்ரஸ்ட் இருக்கிறதே, அதைச் சொல்லிவிட்டல்லவா எழுதியிருக்க வேண்டும்?" என்று கேட்டார். தொகுப்பை அச்சிட நான் பத்தாயிரம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. முதலாமவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் "கடனே என்று" என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டு குற்றச்சாட்டுகளும் ஒன்றையொன்று மறுப்பவைபோலத் தோன்றின. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியும் என்பது அன்று இரவுதான் உறைத்தது. வங்கியில் நாள் முழுவதும் என் முன்னால் இருக்கும் திரையில் 'இன்ட்ரஸ்ட்' என்று ஒரு பத்தி உண்டு. பி.ஏ. வகுப்பில் மாத்யூ ஆர்னால்டின் 'டிஸ்இன்ட்ரஸ்டட்னெஸ்' பற்றி இரண்டு பக்கம் விடை எழுதி மதிப்பெண் வாங்கியதும் உண்டு. இவை இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு முனைகள் என்று இத்தனை வருஷங்களில் எனக்குத் தோன்றியதில்லை. பிழைப்பு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று வாழ்கிறவனுக்குச் சொல்லும் இரண்டாகப் பிளந்துதான் கிடைக்கும் போலிருக்கிறது.

லத்தீனில் இது பெயர்ச்சொல் அல்ல, வினை. 'இன்டர்' என்றால் இடையில்; 'எஸ்ஸெ' என்றால் இருத்தல். இடையில் இருப்பது என்ற பொருளிலிருந்து, 'அதனால் ஒரு வித்தியாசம் உண்டு', 'அது பொருட்படுத்தத் தக்கது' என்ற பொருள் வந்தது. ரோமானியச் சட்டம் இதை நஷ்டக் கணக்குக்கு எடுத்துக்கொண்டது. சொன்ன நாளில் ஒருவன் தன் கடமையைச் செய்திருந்தால் மற்றவன் இருந்திருக்கக்கூடிய நிலை ஒன்று. செய்யாததால் அவன் இருக்கும் நிலை வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பது எதுவோ அதுவே 'இன்டெரெஸ்ட்'. ஆக, ஆரம்பத்தில் இது லாபத்தின் பெயர் அல்ல. இழப்பை அளக்கும் பெயர்.

லாபத்தின் பெயர் 'உசூரா'. அது மத்திய காலத்துக் கிறிஸ்தவ ஐரோப்பாவில் பாவத்தின் பெயராகவும் ஆயிற்று. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், வட்டி வாங்குபவனுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்றது. 1311–12இல் வியன் நகரில் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி போய், வட்டி பாவமல்ல என்று சாதிப்பவனே மதவிரோதி என்றது. தாந்தே நரகத்தின் ஏழாம் வட்டத்தில், கழுத்தில் பணப்பை தொங்க, அனல் மழையின் கீழ் இவர்களை உட்காரவைத்தான். இதற்கான தர்க்கம் அரிஸ்டாட்டிலிடமிருந்து வருவது. கிரேக்கத்தில் வட்டிக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல்தான் – 'டோகோஸ்'. பணம் பணத்தைப் பெற்றெடுப்பது இயற்கைக்கு விரோதம் என்றார் அவர். 'வட்டி குட்டி போடும்' என்று நாம் சொல்வதும் அதே உவமைதான். ஆனால் நாம் அதில் முனகல் வைத்தோமே தவிர நரகம் வைக்கவில்லை.

தடை இவ்வளவு கடுமையாக இருந்தால் சந்து ஒன்று இருந்தே தீரும். திருச்சபையின் சட்ட அறிஞர்கள் பழைய ரோமானியச் சொல்லைத் தூசி தட்டினார்கள். கடன் கொடுத்ததற்குக் கூலி வாங்கக் கூடாது, சரி. தவணை தவறியதால் எனக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடுசெய்யச் சொல்லலாம் அல்லவா? அந்த ஈடு 'இன்டெரெஸ்ஸெ'. முதலில் நேரடி நஷ்டம் மட்டும். பிறகு, பணம் கையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபமும் என்று விவாதம் நீண்டது. நாளடைவில் தாமதம் என்பதே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளும் தாமதமாயிற்று. பாவத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு மெல்லிய சுவர் தள்ளி, நியாயமான பெயரில் ஒரு வீடு எழும்பியது.

நமக்கு இந்த இரண்டாவது சொல் தேவைப்படவில்லை. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயிலின் காசு ஊர்ச் சபைகளுக்குப் போகிறது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, கோயிலுக்குத் திரும்புகிறது. அதன் பெயர் பொலிசை. களத்தில் நெல் பொலிவதற்கும் இதற்கும் ஒரே வேர். சாமியின் வீட்டுச் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். ஒளிக்க வேண்டியதாக அதில் ஒன்றும் இல்லை. மிகையை மட்டும் நாம் அடைமொழி கொடுத்துப் பிரிக்கிறோம்: கந்துவட்டி, மீட்டர் வட்டி. தமிழ்நாட்டில் 2003இல் வந்த சட்டமும் மிகையைத்தான் தடுக்கிறது. அதனால் வட்டி நமக்கு வட்டியாகவே நின்றுவிட்டது. ஒளிவதற்காகப் பிறந்த ஆங்கிலச் சொல்தான் ஊர் சுற்றக் கிளம்பியது.

இங்கிலாந்தில் அந்த மெல்லிய சுவர் ஒரு எண்ணாக மாறியது. 1545இல் எட்டாம் ஹென்றியின் சட்டம் நூற்றுக்குப் பத்து வரை அனுமதித்தது. அந்தச் சட்டத்தின் பெயரோ வட்டிக்கு எதிரான சட்டம்! 1552இல் மறுபடி முழுத் தடை. 1571இல் எலிசபெத் காலத்தில் தடை நீங்கி, பத்துக்கு உட்பட்டது அரைமனதோடு சகித்துக்கொள்ளப்பட்டது. உச்சவரம்பு 1624இல் எட்டாகவும் 1714இல் ஐந்தாகவும் இறங்கி, 1854இல் வரம்பே எடுக்கப்பட்டது. வரம்புக்குக் கீழே 'இன்ட்ரஸ்ட்', மேலே 'யூஷுரி' என்று ஆனபின், பாவ புண்ணியம் வாய்ப்பாட்டுக் கணக்காயிற்று.

இந்தச் சண்டை சூடாக இருந்த காலத்தில் எழுதப்பட்டதுதான் 'வெனிஸ் வர்த்தகன்'. கல்லூரியில் அதை எங்களுக்குக் கருணையைப் பற்றிய நாடகமாக நடத்தினார்கள். முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியைச் சொற்களுக்காக மட்டும் மறுபடி படித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஷைலக் தன் வருமானத்துக்குத் தானாக வைக்கும் பெயர் 'த்ரிஃப்ட்'. 'இன்ட்ரஸ்ட்' என்பது ஆன்டோனியோ அதை அழைக்கும் பெயர் என்று மனம் கசந்து சொல்கிறான். நல்ல பெயர் என்று கிறிஸ்தவ வர்த்தகர்கள் தேடிக் கண்டுபிடித்த அதே சொல், யூதனின் தொழிலைச் சுட்டும்போது வசவாகிவிடுகிறது. 'த்ரிஃப்ட்' இன்று சிக்கனம். அன்று அது 'த்ரைவ்' என்ற வினையோடு ஒட்டி நின்றது – செழித்தல், பெருகுதல். பொலிசை என்பதற்கு இதைவிட நெருக்கமான ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியவில்லை. தன் கட்சியை நிறுவ அவன் யாக்கோபின் ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுவருகிறான். உன் பொன்னும் வெள்ளியும் ஆடுகளா என்று கேட்கிறான் ஆன்டோனியோ. தெரியாது, ஆனால் அதே வேகத்தில் குட்டி போட வைக்கிறேன் என்பது பதில். இந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் 'வட்டி' என்று போட்டால் தமிழில் சண்டையே காணாமல் போகும். மூன்று பெயர்களில் எது நிற்கப் போகிறது என்பதுதானே அங்கே வழக்கு.

கடனுக்கு வெளியே இச்சொல் ஒரு சொத்தில் ஒருவனுக்குள்ள உரிமை, பங்கு என்ற பொருளில் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் உண்டு. அங்கிருந்து அரசியலுக்குப் போனது. ரோஹான் பிரபு 1638இல் அரசர்களின், நாடுகளின் 'இன்ட்ரஸ்ட்' பற்றி ஒரு நூல் எழுதினார். 1659இல் மார்ச்மொன்ட் நெதம், 'இன்ட்ரஸ்ட்' பொய் சொல்லாது என்பதையே தலைப்பாக்கித் துண்டுப்பிரசுரம் போட்டார். ஆவேசங்களை நம்ப முடியாது, ஆதாயத்தை நம்பலாம் என்று ஒரு யுகமே நினைத்த கதையை ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1977இல் எழுதிய நூலில் பார்க்கலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த திருப்பம். 'இன்ட்ரஸ்டிங்' என்ற சொல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வாரஸ்யமானது என்று பொருள்படவில்லை. உன்னைப் பாதிப்பது, உனக்குச் சம்பந்தமுள்ளது என்று மட்டும் பொருள்பட்டது. 1768இல் லாரன்ஸ் ஸ்டெர்னின் பிரான்ஸ் பயண நூல் வெளிவந்த காலத்தில்தான் இன்றைய பொருள் தலைகாட்டுகிறது. சம்பந்தமே இல்லாத ஒருத்தியின் முகம், வழியில் பார்த்த ஒரு துயரம், இவையும் ஒருவனை இழுக்க முடியும் என்றானபோது, சொத்துப் பத்திரத்தில் இருந்த சொல் அதற்குக் கைகொடுத்தது. (கர்ப்பிணியை 'இன்ட்ரஸ்டிங்கான நிலையில்' இருக்கிறாள் என்று நாசூக்காகச் சொல்லும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. அரிஸ்டாட்டில் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.)

ரேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட 'கீவேர்ட்ஸ்' நூலில் இச்சொல்லுக்குத் தனிக் குறிப்பு எழுதியிருக்கிறார். மனிதன் ஒன்றின்மீது வைக்கும் கவனத்தைக் குறிக்கும் பொதுச்சொல் பணத்தின் அகராதியிலிருந்து வந்தது என்பதில் அவர் ஒரு சமூகத்தின் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பணம் இச்சொல்லை எடுத்துக்கொள்ளும் முன்பே அது 'பொருட்படுத்துதல்' என்றுதான் இருந்தது. கல்லாப்பெட்டிக்குள் ஐந்நூறு வருஷம் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியது என்று ஏன் பார்க்கக்கூடாது? திரும்பி வந்தபோது சட்டையில் செப்புக் காசின் வாடை இருந்தது என்பது உண்மை.

அந்த வாடையைப் போக்கத்தான் 'டிஸ்இன்ட்ரஸ்டட்' வந்தது போலும். இதன் சரித்திரம் வேடிக்கையானது. ஜான் டன் இதை அக்கறையற்ற என்ற பொருளில் எழுதினார். 'அன்இன்ட்ரஸ்டட்' தான் முதலில் பாரபட்சமற்ற என்று பொருள்பட்டது. பிறகு இரண்டும் இடம் மாறிக்கொண்டன. இன்று இரண்டையும் குழப்பாதீர்கள் என்று இலக்கண ஆசிரியர்கள் அதட்டும்போது, குழப்பத்துக்கு முந்நூறு வருஷ அனுபோக பாத்தியதை உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். 1790இல் கான்ட் அழகைப் பற்றிய தீர்ப்பிலிருந்து எல்லா 'இன்ட்ரஸ்ட்'டையும் விலக்கினார். 1864இல் ஆர்னால்ட் ஆக்ஸ்ஃபோர்டில் பேசும்போது விமர்சனத்தின் முதல் விதி என்று இதையே வைத்தார். 1851லிருந்து 1886 வரை பள்ளி ஆய்வாளராகச் சம்பளத்துக்கு ஊர் ஊராய் ரயிலில் அலைந்த மனிதர் அவர். ஆதாயம் தீண்டாத ஓரிடம் மனசுக்குள்ளாவது இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நானும் மாதச் சம்பளக்காரன்தான்.

நம் சிறுபத்திரிகைகளில் இதைப் 'பற்றற்ற' என்று பெயர்த்துவிட்டோம். உடனே விமர்சகன் காவி கட்டிக்கொண்டான். 'காய்தல் உவத்தல் இன்றி' என்றபோது அவனுக்கு உவக்கும் உரிமையும் போயிற்று. சண்டை வரும்போதெல்லாம் ஒருவர் மற்றவரிடம் பற்று இருக்கிறது என்று நிரூபிக்கிறார். நிரூபித்ததும் கவிதையைப் பற்றிய பேச்சு நின்றுவிடுகிறது. இத்தனைக்கும் வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துறவியிடம் போகவில்லை. தராசிடம் போனார். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் வியாபாரியிடமே போனார்: பிறர் பொருளையும் தன்னுடையதுபோல் பேணுவதே வாணிகம் என்கிறார். பொருளில் பங்கில்லாதவன் நடுநிலைமையோடு இருப்பதை அவர் அங்கே பேசவில்லை. பங்குள்ளவனைப்போல் நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

அந்த மதிப்புரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பத்தாயிரம் ரூபாய் தெரிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு பாராட்டையும் ஒரு குறையால் சமன்செய்திருக்கிறேன். பிடித்த ஏழு கவிதைகளில் இரண்டைத்தான் பெயர் சொல்லியிருக்கிறேன். முதலாமவர் கண்ட அசிரத்தை, இரண்டாமவர் கண்ட சம்பந்தத்தால் விளைந்தது. கடன் கொடுத்ததை முதல் வரியில் எழுதிவிட்டு ஏழு கவிதைகளையும் பற்றிப் பேசியிருக்கலாம்.

நண்பர் பணத்தைச் சொன்ன கெடுவுக்கு ஒன்பது மாதம் தள்ளித் திருப்பித் தந்தார். பத்தாயிரத்தோடு ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று அதிகம் இருந்தது. கைமாற்றுக்கு ஏது வட்டி என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ரோமானிய வக்கீல் பக்கத்தில் இருந்திருந்தால் உனக்கு நஷ்டம் என்ன என்று கேட்டிருப்பார். பணம் என் சேமிப்புக் கணக்கில் சும்மாதான் கிடந்திருக்கும். அந்த வகையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. முன்பெல்லாம் கவிதை எழுதிய மறுநாளே வங்கிக்கு வந்து, உணவு இடைவேளையில் கவுன்டருக்கு இந்தப் பக்கம் தாளை நீட்டுவார். மதிப்புரை வந்த இதழுக்குப் பிறகு ஒன்றுகூடக் காட்டவில்லை.