சக்கரத்துக் காற்றும் பால்மரத்து மக்களும்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு வண்டியில் புறப்படுவோர், முதலில் டயர்களின் காற்றை அளந்து பார்ப்பது நன்று. வண்டியின் பாரத்தைத் தாங்குவதில் ரப்பரைவிட அதனுள் அடைபட்ட காற்றுக்கே பெரும்பங்கு உண்டு. காற்றுக் குறைந்தால் டயரின் பக்கங்கள் அளவுமீறி வளைந்து சூடேறும். ஈற்றில் வெடிக்கவும் கூடும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் மிகுந்து காட்டும். ஆதலால் டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையே அளப்பதற்கு ஏற்றது.

இச்சிறு செயலின் பின்னே நம்மவர் வரலாறு ஒன்று உண்டு.

காற்றடைத்த சக்கரத்திற்கு 1845ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்தியர் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது அன்று நிலைபெறவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் மிதிவண்டிக்கென அதனை மீண்டும் படைத்தார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகவே, ரப்பருக்கு உலகெங்கும் தேவை மிகுந்தது. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த இருபத்திரண்டு கன்றுகளில் தொடங்கிய பால்மரம், சிலாங்கூர் மண்ணிலும் காடாய்ப் பரந்தது. அக்காட்டில் உழைக்கக் கப்பலேறி வந்தோருள் மிகப் பலர் தமிழர்.

அவர்கள் விடியுமுன் பால் வெட்டச் சென்றனர். மரத்தின் பாற்குழாய்களிலும் ஓர் அழுத்தம் உண்டு. குளிர்ந்த அதிகாலையில் அது மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற அது தணியும். மரத்தின் அழுத்தத்தை அறிந்து வாழ்ந்த அம்மக்கள், மற்றோர் அழுத்தத்தையும் சுமந்தனர். மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி, எதிரே துரையோ மேலதிகாரியோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். தான் வடித்த பாலால் உருவான சக்கரத்தின் மீது நிமிர்ந்து செல்லும் உரிமை அவனுக்கு இல்லை!

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகிய கோரிக்கைகளோடு, மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் கேட்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

கூலியோடு மானத்தையும் சேர்த்துக் கேட்ட போராட்டம் அது. அப்பட்டியலில் மிதிவண்டிக் கோரிக்கை சிறிதாய்த் தோன்றலாம். எனினும் மனிதன் மனிதனாய் நிமிர்வது அதில்தான் அடங்கியிருந்தது.

இன்று நம் மாணவர் பலர் மிதிவண்டிக்குத் தாமே காற்றடித்துப் பள்ளிக்கு வருகின்றனர். எவரைக் கண்டும் இறங்க வேண்டியதில்லை. மதிப்பினால் இறங்குவது பண்பு. அச்சத்தால் இறங்குவது அடிமைத்தனம். இவ்வேறுபாட்டை 1941ஆம் ஆண்டின் கதையோடு அவர்களுக்கு எடுத்துரைப்பது ஆசிரியராகிய நம் கடன்.