மார்ஜரி வாரனும் முதியோர் மருத்துவத்தின் தொடக்கமும்

1935ஆம் ஆண்டு, லண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, தன்னை ஒட்டியிருந்த பழைய ஏழையர் விடுதியின் நோயாளிக் கூடங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அங்கே 714 படுக்கைகள் இருந்தன. படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பல ஆண்டுகளாகப் படுக்கையை விட்டு இறங்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். இவர்களைக் கவனிக்கும் வேலை மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம் வந்தது. 1897இல் பிறந்த அவர் அறுவை மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர். முதியோருக்கென்று தனியாக அவர் எதுவும் படித்திருக்கவில்லை. படிக்க அப்படியொரு பாடமும் அன்று இல்லை.

அந்தக் கூடங்கள் எப்படி நிரம்பின என்பதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் ஏழையர் சட்டத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1834இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டப்படி, உதவி வேண்டும் ஏழை, விடுதிக்குள் வந்து தங்கி உழைக்க வேண்டும். உள்ளே வாழ்க்கை வேண்டுமென்றே கடுமையாக வைக்கப்பட்டது. அப்போதுதான் சோம்பேறிகள் வரமாட்டார்கள் என்பது கணக்கு. உடல் வலு உள்ளவர்கள் வெளியேறினார்கள். போக்கிடம் இல்லாத கிழவர்களும் கிழவிகளும் நோயாளிகளும் தங்கிவிட்டார்கள். மறுபுறம், நன்கொடையில் நடந்த பெரிய மருத்துவமனைகள் விரைவில் குணமாகக்கூடிய நோயாளிகளையே விரும்பின. மருத்துவ மாணவர்கள் பாடம் கற்றதும் அங்கேதான். ஆகவே பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த எழுபது வயதுக்காரரைப் பார்க்காமலேயே ஒரு மாணவர் மருத்துவராகிவிட முடிந்தது.

'ஜெரியாட்ரிக்ஸ்' என்ற சொல் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் மருத்துவம் செய்த இக்னாட்ஸ் நாஷர், முதுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் மருத்துவரைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து 1909இல் அதை உருவாக்கினார். 1914இல் முதியோர் நோய்களைப் பற்றி ஒரு பெரிய நூலும் எழுதினார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவம் இருப்பதுபோல் முதியோருக்கும் வேண்டும் என்பது அவர் வாதம். 'வயசானா அப்படித்தான்' என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிற பதிலை அவர் ஏற்கவில்லை. ஆனால் அவருடைய முயற்சி பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. வார்டுக்குள் அதைக் கொண்டுவந்தவர் வாரன்.

அவர் முதலில் செய்தது மிக எளிய காரியம்: ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். இவருக்கு என்ன நோய், ஏன் நடக்கவில்லை, எப்போதிலிருந்து நடக்கவில்லை, பார்வையும் காதும் எப்படி, சிறுநீர் அடங்காததற்குக் காரணம் என்ன, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்தார். எல்லாரும் ஒரே கூடத்தில் கலந்து கிடந்த நிலையை மாற்றி, எழுந்து நடமாடக்கூடியவர், படுக்கையில் இருந்தாலும் சிறுநீர் மலத்தை அடக்க முடிந்தவர், அடக்க முடியாதவர், அமைதியாகக் குழம்பியிருப்பவர், மனநலம் முற்றிலும் குலைந்தவர் என ஐந்து வகையாகப் பிரித்தார். எழக்கூடியவர்களை எழுப்பினார். சுவர்களுக்கு வெளிர்நிற வண்ணம், நல்ல வெளிச்சம், பிடித்து நடக்கக் கைப்பிடிகள், உட்கார ஏற்ற நாற்காலிகள் என்று கூடங்களின் தோற்றத்தையே மாற்றினார். செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் சமூகப் பணியாளரும் ஒரே நோயாளியைப் பற்றிக் கூடிப் பேசி முடிவெடுக்கும் முறையை உருவாக்கினார்.

விளைவு மருத்துவமனை நிர்வாகத்துக்கே வியப்பாக இருந்தது. குணமாகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த பலர் நடந்து வீட்டுக்குப் போனார்கள். 714 படுக்கைகள் தேவைப்பட்ட இடத்தில் 240 போதும் என்றானது. மிஞ்சியவை மார்பு நோய்ப் பிரிவுக்குத் தரப்பட்டன.

இதில் மந்திரம் ஏதுமில்லை. முதியவரைப் படுக்கையிலேயே வைத்திருந்தால் அந்தப் படுக்கையே அவரை நோயாளியாக்குகிறது. தசை கரைகிறது, மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே இறுகுகின்றன, முதுகிலும் குதிகாலிலும் புண் வருகிறது, கால் நரம்புகளில் ரத்தம் உறைகிறது, மலச்சிக்கலும் மனக்குழப்பமும் சேர்ந்துகொள்கின்றன. பிறகு இவை எல்லாவற்றையும் 'முதுமை' என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர் படுக்கையின் ஆபத்துகளைப் பற்றிப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை இன்றும் மாணவர்களுக்குச் சொல்லப்படுகிறது. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதை அளந்தே காட்டியது: நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்கள் 10 நாள் படுத்தே இருந்ததில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது.

வாரன் தன் அனுபவத்தை 1943இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலும் 1946இல் லான்செட்டிலும் எழுதினார். நாள்பட்ட நோயுள்ள முதியோருக்குப் பொது மருத்துவமனைக்குள்ளேயே தனிப் பிரிவு வேண்டும், மாணவர்களுக்கு அது பாடமாக வேண்டும் என்று கேட்டார். முதியோரை ஊருக்கு வெளியே தனிக் கட்டடத்தில் ஒதுக்கக் கூடாது என்பதே அதன் உட்பொருள். எசெக்ஸில் லயனல் கோசின் என்ற அறுவை மருத்துவர், இடுப்பு எலும்பு முறிந்த மூதாட்டிகளுக்கு அறுவை செய்து விரைவிலேயே நடக்கவைத்தார். 1947இல் முதியோர் நலனுக்கான மருத்துவர் சங்கம் தோன்றியது. இன்றைய பிரிட்டிஷ் ஜெரியாட்ரிக்ஸ் சொசைட்டி அதன் தொடர்ச்சி. 1948இல் தேசிய சுகாதார சேவை வந்தபோது பழைய விடுதிக் கூடங்களும் அதன் கீழ் வந்தன.

அதே 1948இல் வெளியான ஜோசப் ஷெல்டனின் நூலை நான் இவை எல்லாவற்றுக்கும் இணையாக வைப்பேன். வுல்வர்ஹாம்ப்டன் நகரில் முதியோரை வீடு தேடிச் சென்று பார்த்தவர் அவர். மருத்துவமனையில் இருப்பவர்களை மட்டும் கண்டு முதுமையைப் பற்றி முடிவு கட்டுவது தவறு, பெரும்பான்மையினர் வீட்டில்தான் வாழ்கிறார்கள், அவர்களைத் தாங்குபவர்கள் மனைவியரும் மகள்களுமே என்று அவர் எடுத்துக்காட்டினார்.

வாரன் 1960இல் பிரான்ஸில் ஒரு சாலை விபத்தில் இறந்தார். அவர் செய்தது கறாரான ஒப்பீட்டு ஆய்வு அல்ல. ஒரு மருத்துவரின் கண்கூடான அனுபவம். அதற்குச் சான்று தேடும் வேலை பின்னர்தான் நடந்தது. 1984இல் லாரன்ஸ் ரூபன்ஸ்டைன் குழுவினர் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் 123 முதியவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். முழுமையான மதிப்பீடு செய்யும் தனிப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 48.3 சதவீதம். பெரிய வேறுபாடுதான், ஆனால் சிறிய ஆய்வு. 2017இல் 29 ஆய்வுகளையும் 13,766 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வில், இறப்பு எண்ணிக்கையில் அத்தனை வேறுபாடு தெரியவில்லை. தெளிவாகத் தெரிந்தது வேறொன்று: இப்படி மதிப்பிடப்பட்டவர்கள் தங்கள் சொந்த வீட்டிலேயே வாழும் வாய்ப்பு கூடியது, பராமரிப்பு இல்லங்களுக்குப் போவது குறைந்தது. ஆயுள் கூடவில்லை என்று இதைக் குறைத்து மதிப்பவர்கள் உண்டு. தன் திண்ணையில் உட்கார வேண்டும் என்று கேட்கும் எண்பது வயதுக்காரரிடம் அவர்கள் பேசிப் பார்க்கலாம்.

இந்தியாவில் இந்தத் துறை வேர்விட்டது சென்னையில். அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராஜன் 1978இல் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவ எம்.டி. படிப்பு வந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். தமிழ்நாட்டுக்கு இது அவசரத் தேவையும்கூட: 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்களில் 60 வயதைக் கடந்தோர் 8.6 சதவீதம், தமிழகத்தில் 10.4 சதவீதம். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 200 படுக்கைகளோடு திறக்கப்பட்டது.